ஆம்பளைகள் முன்னால் நடந்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்காரர்களுக்கு வாய் அதிகம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள் என்றால் அப்படித்தான். நமுனுகுல பஸ்ஸில் நாங்கள் ஏறினால், "வந்துட்டாங்கப்பா, இனி பாட்டு வேணாம்" என்று கண்டக்டர் பாட்டை நிறுத்திவிடுவார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் லயத்து வாய்க்கு நமுனுகுல மலையைத் தூக்கி வைத்தாலும் போதாது. எனக்கு அதில் வெட்கம் கிடையாது. இன்றைக்கு இரண்டு காலால் நடந்துபோய் மலைத் தண்ணீர் வந்து விழுகிற பீலியில் நான் குடம் பிடிக்கிறேன் என்றால் அந்த வாய்கள்தான் காரணம்.

நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போன பிறகு அவர்களுடைய கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுத்து, சோறூட்டி, தூங்கவைப்பது என் வேலை. அத்தனை பிள்ளைகளும் ஒன்றாகத் தூங்கும்போது அந்த அறையில் ஒரு தனி மயக்கம் இறங்கும். ஜன்னலுக்கு வெளியே பனி போகும், வரும். அதைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ மத்தியானங்களைக் கழித்திருக்கிறேன். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவள் என்று மதினி என்னைச் சொல்லுவாள். கலியாணம் செய்துகொள்ளவில்லை, அதில் எனக்குக் கவலையும் இல்லை. அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் போகாது. இதையும் மதினிதான் சொல்லுவாள், அண்ணனிடம், எனக்குக் கேட்கும்படி.

லயத்துக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டு காய்கறிப் பாத்தி உண்டு. போஞ்சி, கரட், லீக்ஸ், கிழங்கு. விளைந்ததைப் பண்டாரவளைச் சந்தைக்கு அனுப்புவோம். நாங்கள் நட்டதை எங்களுக்கு முன்னால் தோண்டித் தின்பது காட்டுப் பன்றி. காலையில் எழுந்து போனால் கிழங்குப் பாத்தி உழுது போட்டமாதிரி கிடக்கும். பக்கத்தில் நின்று அழுகிற பெண்ணைப் பார்த்தால் பன்றிமேல் எனக்கும்தான் ஆத்திரம் வரும்.

அதற்காக ஆம்பளைகள் சிலர் மேலே புல்லுமலையில் கட்டுத்துவக்கு வைத்தார்கள். யாரும் கையில் பிடிக்காத துப்பாக்கி அது. புல்லுக்குள் ஒளிந்து கிடக்கும், பாதைக்குக் குறுக்கே ஒரு மெல்லிய நூல் போகும், அது இழுபட்டால் வெடிக்கும். நூலில் பட்டது பன்றியின் காலா மனிதனின் காலா என்று அது கேட்பதில்லை. எங்கள் தோட்டத்தின் அடுத்த டிவிசனில் ஒருவர் மாட்டுக்குப் புல்லறுக்கப் போய், பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து ஒற்றைக் காலோடு திரும்பி வந்தார். இப்போது அவர் வீட்டு வாசலைத் தாண்டுவதே குறைவு.

எது யாருடைய துவக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஒரே ஒரு வழக்கம் மட்டும் இருந்தது. துவக்குக் கட்டியிருக்கும் பாதையின் வாயில் ஒரு பச்சைக் கொப்பை வெட்டிக் குறுக்கே போட்டு, அதில் மானாப் புல்லால் ஒரு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். கொப்புக் கிடந்தால் திரும்பி வா என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "அடையாளம் போட்டுத்தான கட்டுறோம், நாங்க என்ன கொலகாரங்களா?" என்று ஆம்பளைகள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். காஸ் விலை ஏறியதிலிருந்து எங்கள் அடுப்புகளெல்லாம் மறுபடி விறகுக்குத் திரும்பியதை அவர்கள் யாரும் யோசிக்கவில்லை. பச்சைக் கொப்பு சில நாளில் காய்ந்துவிடும். புல் முடிச்சு மழையில் அழுகி விழுந்துவிடும். அதற்குப் பிறகு பாதையில் கிடப்பது நல்ல காய்ந்த விறகு, அவ்வளவுதான்.

சனிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை. அந்த வாரம் கோவிலுக்குப் பூ வைக்கிற முறையும் என்னுடையது. எங்கள் தோட்டத்து வேதக் கோவில் சின்னது. தகரக் கூரை, உட்காரச் சில வாங்குகள், ஒரு மணி. போதகர் பண்டாரவளையிலிருந்து எப்போதாவதுதான் வருவார், மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை நடத்துவார். புல்லுமலையில் ஓடை தேங்கி நிற்கிற பள்ளத்தில் வெள்ளை லில்லிப் பூ தானாக வளர்ந்து கிடக்கிறது. அதைப் பறித்துக்கொண்டு அப்படியே மேட்டுப் பாதையால் நடந்தால் கோவிலுக்குப் பின்பக்கம் போய் இறங்கலாம். ரோட்டால் போவதென்றால் சுற்று.

நான் ஏறும்போது மதினி விறகுக்கட்டோடு இறங்கி வந்தாள். கட்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதை நிமிர்த்தி வைத்தேன். "பனி எறங்குது, கனா கண்டுக்கிட்டு நிக்காம வெரசா வா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பனி இறங்கத்தான் செய்தது. எங்கள் பக்கத்துப் பனி வந்து மூடுவதில்லை, கேட்டுக் கேட்டு உள்ளே வரும். முதலில் நமுனுகுல உச்சியை வாங்கிக்கொள்ளும். பிறகு தூரத்து மலைகளை, டர்பன்டைன் மரங்களை, கீழே லயத்துக் கூரையை, கடைசியில் உன் கையை. நான் பூப் பறித்துக்கொண்டிருந்தபோது ஓடைத் தண்ணீரின் சத்தம் மட்டும்தான் மிச்சமிருந்தது. ஒவ்வொரு பூவும் கைக்குக் கிட்டே வந்த பிறகுதான் பூவாகத் தெரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. நேரம் போனதே தெரியவில்லை.

பறித்து முடித்து மேட்டுப் பாதைக்கு வந்தேன். பாதையின் வாயில் கொப்பு எதுவும் கிடக்கவில்லை. குனிந்து பார்த்துவிட்டுத்தான் நடந்தேன். நான் கனவு காண்கிறவள்தான், முட்டாள் இல்லை.

அந்த நேரத்தில் வீட்டில் நடந்ததை மதினி பிறகு எத்தனையோ தடவை சொல்லி அழுதிருக்கிறாள். அண்ணன் அடுப்படியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். மதினி கட்டைப் பிரித்து விறகை ஒடித்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு கொப்பை அண்ணன் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொய்யாக் கொப்பு. புல்லுமலையில் கொய்யா மரமே கிடையாது. கத்தியால் சரித்து வெட்டிய அடி.

"இது எங்க கெடந்துச்சு?"

"மேட்டுப் பாதையிலதான். குறுக்கால கெடந்துச்சு, காஞ்ச கொப்புன்னு எடுத்தாந்தேன். ஏன்?"

அண்ணன் எழுந்துவிட்டார். "அந்தப் பக்கம் யாராச்சும் போயிருக்காங்களா?"

"ஒங்க தங்கச்சிதான் பூவுக்குப் போயிருக்கு."

மதினிக்கு அப்போதுதான் விளங்கியது. தன் புருஷனும் துவக்குக் கட்டியிருக்கிறார் என்பதும், அதன் அடையாளத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம் என்பதும், அந்தக் கட்டை நானே அவள் தலையில் நிமிர்த்தி வைத்ததும் அவளுக்கு ஒரே மூச்சில் விளங்கியது. என் போனுக்கு அடித்தாள். அது எங்கள் வீட்டுக் காம்பராவுக்குள்ளேயே சார்ஜில் கிடந்து பாடியது. அண்ணன் அதற்குள் பனிக்குள் ஓடிவிட்டார். ஓடும்போதும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் துவக்கு யாருடையது என்று லயம் முழுக்கத் தெரிந்துவிடும் என்ற நினைப்பு அந்த நேரத்திலும் அவருக்கு இருந்திருக்கிறது. இதைத்தான் நான் நெடுநாள் பொறுக்கவில்லை.

மதினிக்கு அந்த நினைப்பு இல்லை. வாசலில் நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "அய்யோ, என் வீட்டுக்காரரு மேட்டுப் பாதையில துவக்குக் கட்டியிருக்காரு! அவ அங்க போயிருக்கா! எல்லாரும் வாங்க!" மானம் கப்பலேறியது. கூடவே லயம் முழுதும் வாசலுக்கு வந்தது.

எனக்கு முதலில் கேட்டது ஒரே ஒரு குரல். "அத்தே!" என்றது. பனிக்குள் கேட்கிற குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. எல்லாப் பக்கமிருந்தும் வருவதுபோலிருக்கும். நான் நடந்துகொண்டே இருந்தேன். பிறகு "சின்னம்மா!" என்றது. "ஆயம்மா!" "அக்கா!" "தங்கச்சி!" "ஏ புள்ள!" லயத்தில் அத்தைமார் பலர் உண்டு, சின்னம்மாமாரும் உண்டு. ஆனால் அத்தனையுமாக இருக்கிற ஒரே ஆள் நான்தான். வெள்ளையாக ஒன்றுமில்லாத இடத்திலிருந்து என் உறவுகளெல்லாம் ஒவ்வொன்றாக என்னைக் கூப்பிடுவது சுகமாக இருந்தது. செத்துப்போனால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கூடக் கொண்டேன்.

பிறகு பயம் பிடித்தது. வீட்டில் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது. கூப்பிட்டால் ஓடுவதற்குத்தானே கால் பழகியிருக்கிறது. பூக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேகமாக எட்டு வைத்தேன்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

"ஏய்! கட்டுத்துவக்கு இருக்குடி அங்க! நின்ன எடத்துலயே நில்லு! ஒரு அடி வச்ச, கால ஒடச்சிருவேன்!"

கடைசிக் காம்பரா அக்கா. புருஷன் இல்லாதவள், தனி ஆள், எங்கள் லயத்திலேயே பெரிய தொண்டை. பீலியில் யார் முதலில் குடத்தை வைத்தது என்ற சண்டையிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. நானும் அவளோடு பேசுவதில்லை. கலியாணம், காரியம் எதிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவோம். கூப்பிட்டது வானத்துத் தூதனாக இருந்திருந்தால்கூட என்ன ஏதென்று கேட்க இன்னும் ரெண்டு எட்டு வைத்திருப்பேன். அவள் என்னோடு பேசினாள் என்றதும் நின்றுவிட்டேன்.

நின்ற பிறகுதான் பார்த்தேன். எனக்கு முன்னால், என் முழங்காலுக்கு நேரே, பனித்துளிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. எதில் தொங்குகின்றன என்று தெரியவில்லை. சும்மா காற்றில் கோத்து வைத்தமாதிரி, பாதையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை. சிலந்தி நூல் என்று நினைத்தேன். அழகாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு அழகாக ஒன்றை அந்தப் பாதையில் அதற்கு முன்பும் பிறகும் நான் பார்க்கவில்லை. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அது என்ன என்று புரிந்தபோது நீட்டப்போன கையை இழுத்துக்கொண்டேன்.

"நின்னுட்டியா?" அக்காவின் குரல்.

"நின்னுட்டேன்!"

"உக்காராத! திரும்பாத! ஒங்க அண்ணன் வந்துக்கிட்டு இருக்காரு!"

அதற்குப் பிறகு அவர்கள் பேச்சை நிறுத்தவே இல்லை. பயத்தில் நான் மயங்கி விழுந்தால் நூலில்தான் விழுவேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே ஆளாளுக்கு ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி ஜெபம் சொன்னாள். ஒருத்தி முருகனைக் கூப்பிட்டாள். "ஆயம்மா, எம்மவன் இன்னைக்கி சோறு தின்னானா?" என்று ஒருத்தி கேட்டாள். "தின்னான்! பருப்பத் துப்பிட்டான்!" என்று நான் கத்தினேன். பனிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. என் முழங்காலுக்கு முன்னால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, ஒன்று சொட்டியது. நூல் லேசாக ஆடியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

அண்ணன் எனக்குப் பின்னாலிருந்து வந்தார். நடந்து வரவில்லை. கையால் புல்லைத் தடவித் தடவி, வயிற்றால் ஊர்ந்து வந்தார். தான் கட்டிய இடம் பனியில் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. என் காலைத் தாண்டிப் போகும்போது அவருடைய முதுகு என் கணுக்காலில் உரசியது. புல்லுக்குள் ஏதோ செய்தார். துளிகளெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டி, நூல் தரையில் விழுந்தது. அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

"நீயா? நீயா கட்டுன?" என்றேன். அண்ணனை நான் எப்போதும் நீங்க என்றுதான் சொல்லுவேன். அன்றைக்கு வாய் அப்படி வரவில்லை. கையிலிருந்த பூக்கட்டால் அவர் தலையிலும் தோளிலும் அடித்தேன். லில்லித் தண்டுகள் ஒடிந்து தண்ணீர் தெறிக்கும்வரை அடித்தேன். அவர் தடுக்கவில்லை.

நாங்கள் இறங்கி வந்தபோது பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஆம்பளைகள் ஒதுங்கி நின்றார்கள். அண்ணனைத் திட்ட ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எனக்கு அது விசித்திரமாக இருந்தது. பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினமாதிரி நின்றார்கள். கடைசிக் காம்பரா அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயந்தரம் பீலிக்கரையில் குடங்களையும் வாளிகளையும் வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் எல்லாரும் கூடினோம். யாரும் கூப்பிடவில்லை, தானாகக் கூடியது. ஒருத்தி பொலிசுக்குச் சொல்லுவோம் என்றாள். மதினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி தோட்டத்துத் துரையிடம் சொல்லுவோம் என்றாள்.

"பொலிசு வந்தா ஒரு ஆள புடிச்சிக்கிட்டுப் போவாங்க" என்றாள் அக்கா. "மிச்ச ஆளுங்க என்ன செய்வாங்க? இன்னும் உள்ள தள்ளிக் கட்டுவாங்க. கொப்பும் போட மாட்டாங்க. எனக்கு ஆளு வேணாம், துவக்குத்தான் வேணும்."

"கேட்டா யாரு குடுப்பா? எனக்குத் தெரியாதும்பாங்க."

"கேக்க வேணாம்." அவள் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். "நாளைக்கிக் கோவிலுக்கு ரோட்டால போறதில்ல. புல்லுமலையில எத்தன ஒத்தையடிப் பாத இருக்கோ, அத்தனையிலயும் போவோம். ஆம்பளைங்க முன்னால, நாம பின்னால. அவங்கவங்க வீட்டுக்காரரு அவங்கவங்களுக்கு முன்னால. பிள்ளைங்க உபதேசியாரு கூட ரோட்டால வரட்டும். வேதக்காரங்க மட்டுமில்ல, சாமி கும்புடுறவங்களும் வாங்க. உள்ள வர வேணாம், கோவில் வாசல் வரைக்கும் வந்தாப் போதும்."

முதலில் மதினி சிரித்துவிட்டாள். அன்றைக்கு முழுதும் அழுதுகொண்டிருந்தவள். துவக்கு எங்கே என்று கேட்டால் ஒவ்வொரு ஆம்பளைக்கும் தன்னுடையது மட்டும்தான் தெரியும். மற்றவன் எங்கே கட்டியிருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் நாளைக்கு நீங்கதான் முன்னால என்று சொன்னபோது அந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும் என்று பிறகு ஒவ்வொருத்தியும் ஒரு கதை சொன்னாள். எங்கள் லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர்தான் தடுப்பு, கூரை ஒன்று. ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டுக்கும் கேட்கும். ஆகவே எந்த ஆம்பளையும் மறுத்துப் பேசத் துணியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் பனி இருந்தது, ஆனால் வெயில் அதற்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தது. வெளுத்த சேலைகளும் இஸ்திரி போட்ட சட்டைகளுமாகப் புல்லுமலை அடிவாரத்தில் நின்றோம். ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்டமாதிரி இருந்தது. ஆம்பளைகள் முன்வரிசையில். முதல் எட்டு வைக்க ஒருவரும் இல்லை. ஒருவர் செருப்பைக் கழற்றித் தட்டினார். ஒருவர் வானத்தைப் பார்த்தார். "மழ வருமோ?" என்று ஒருவர் கேட்டார். நாங்கள் பேசாமல் நின்றோம். எங்கள் லயம் அவ்வளவு நேரம் பேசாமல் நின்றது அன்றைக்கு மட்டும்தான்.

கடைசியில் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு, "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டுத் தனியாக மேலே ஏறினார். பனிக்குள் போய் மறைந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு சாக்கில் எதையோ சுற்றிக்கொண்டு இறங்கி, யாரையும் பார்க்காமல் ஓரமாக வைத்துவிட்டு வரிசையில் வந்து நின்றார். அதற்குப் பிறகு இன்னொருவர், "நானும் ஒருக்கா போயிட்டு வந்துர்றேன்." பிறகு இன்னொருவர். கோவிலில் மணியடிக்கிறவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினபோது மட்டும் அக்காவால் அடக்க முடியவில்லை. "மணி அடிக்க நேரமாகிருச்சி, வெரசா வாங்க!" என்று கத்தினாள். சிரிப்புப் பற்றிக்கொண்டது. ஏறிக்கொண்டிருந்தவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு நடந்தோம். ஒவ்வொரு பாதையாக, ஏறியும் இறங்கியும், பாட்டுப் பாடிக்கொண்டு. ஆம்பளைகள் ஒவ்வொருவரும் கையில் ஒரு நீளக் குச்சியோடு புல்லைத் தடவிக்கொண்டு போனார்கள். பழைய துவக்கு ஒன்று, கட்டினவர் வேறு தோட்டத்துக்குப் போய் நெடுநாளான துவக்கு, அப்படித்தான் கிடைத்தது. அதைப் பார்த்தபோது பாட்டு நின்றுபோனது.

எனக்கு முன்னால் நடக்கப் புருஷன் இல்லை. அக்காவுக்கும் இல்லை. "நமக்கு நாமதான்டி, நா முன்னால போறேன், நீ பின்னால வா" என்றாள். நான் விடவில்லை. நான் முன்னால் போகிறேன் என்றேன். பீலிச் சண்டையை விட்ட இடத்திலிருந்து பிடித்துவிட்டோம். மதினி அண்ணனின் கையைப் பிடித்து எங்களிடம் கொண்டுவந்தாள். "ஒங்க தங்கச்சிக்கு முன்னால போங்க. நா இவங்களோட பின்னால வாரேன்" என்றாள். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் முன்னால் போய் நின்றார். வழியெல்லாம் நான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். வெள்ளைச் சட்டை பனியில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த முதுகின்மேல் எனக்கு அவ்வளவு கோபம். அவர் ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் அந்தச் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுக்கக் கை போனது. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

கோவிலுக்கு நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு உபதேசியார் படாதபாடு பட்டிருந்தார். பீடத்தில் பூ இல்லை. சாட்சி சொல்லும் நேரம் வந்தது. ஆபத்துக்குத் தப்பினவர்கள் எழுந்து நன்றி சொல்வது எங்கள் வழக்கம். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுவதற்கு முன்னால் அண்ணன் எழுந்துவிட்டார்.

"அந்தத் துவக்கு என்னோடது" என்றார். எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். "பன்னிக்குத்தான் கட்டுனேன்னு நேத்து ராத்திரி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன். அது பொய்யி. யாரு வந்தாலும் வெடிக்கும்னு தெரிஞ்சிதான் கட்டுனேன். எந்தங்கச்சி வருவான்னு நெனைக்கல, அவ்வளவுதான். வேற யாராவது வந்திருந்தா, நா இன்னைக்கி இங்க ஒக்காந்து பாட்டுப் பாடியிருப்பேன்."

உட்கார்ந்துவிட்டார். அக்கா என்னை முழங்கையால் இடித்தாள். நான் எழுந்து கடவுளுக்கு நன்றி சொன்னேன், லயத்துக்கு நன்றி சொன்னேன். அண்ணனை மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. மன்னிப்பு என்ன பால்மாவா, நேரத்துக்கு நேரம் கரைத்துக் கொடுக்க? எல்லாரும் எதிர்பார்த்தார்கள் என்று தெரியும். எனக்கு வரவில்லை.

சாக்கில் கட்டி வந்தவற்றை அடித்து உடைத்து, கோவில் கக்கூசுக்குக் கொங்கிரீட் போட்டபோது அதற்குள் போட்டு மூடினார்கள். பாத்திகளையெல்லாம் ஒரே இடத்துக்கு மாற்றி, சேர்ந்து ஒரு வேலி போட்டோம், முறைவைத்துக் காவலுக்குப் போய்த் தகரம் தட்டுகிறோம். பன்றி தோற்றுப்போனது என்று சொல்ல மாட்டேன். அண்மையிலும் கிழங்கு போனது. ஆனால் எந்த வீட்டிலாவது பன்றிக்கறி கொதிக்கிற மணம் கூரை வழியாக வந்தால், நாங்கள் பத்துப் பதினைந்து பேர் போய் அந்த வாசலில் உட்கார்ந்துவிடுவோம், எங்கே கிடைத்தது என்று விசாரிக்க. அதற்குப் பயந்தே யாரும் கொதிக்கவைப்பதில்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஆம்பளைகள் முன்னால் நடப்பதும் நிற்கவில்லை.

இது மற்றத் தோட்டங்களுக்கும் தெரியவந்தது. எங்கள் வாய் தெரிந்ததுதானே. அங்கேயும் பெண்கள் பீலிக்கரையில் கூடினார்கள். ஆனால் சில இடங்களில் கட்டினவர்கள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், சிலர் செத்தும் போய்விட்டார்கள், துவக்கு மட்டும் புல்லுக்குள் இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களுக்கு அண்ணனைக் கூப்பிடத் தொடங்கினார்கள். துவக்குக் கட்டுகிறவன் எப்படி யோசிப்பான் என்று அவருக்குத் தெரியும். சனிக்கிழமை வேலை முடிந்ததும் குச்சியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தத் தோட்டத்து ஆட்களைச் சேர்த்துப் பின்னால் வரச்சொல்லிவிட்டு, முதல் ஆளாக அவர் போவார்.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை பூனாகலைப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். பாதி ஆட்கள் விட்டுப்போன லயம், எந்தப் பாதையில் என்ன இருக்கிறது என்று சொல்ல யாரும் இல்லை. மதினி போக வேண்டாம் என்று அழுதாள். பனி வாசல்வரை வந்து நின்றது. அண்ணன் படியில் உட்கார்ந்து சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். நான் ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே சொன்னேன், "போதும்ணே. நீங்க கட்டுனது ஒன்னுதான். எத்தனதான் அவுப்பீங்க?"

அவர் தலை நிமிரவில்லை.

"ஒன்னுதான் கட்டுனேன்" என்றார். "அந்த ஒன்னுக்கு முன்னாலதானே நீ நின்ன."

ரொட்டியை அவர் கையில் கொடுத்தேன். போயிட்டு வாரேன் என்றார். பீலியைத் தாண்டும்வரை தெரிந்தார், பிறகு தெரியவில்லை. மதினி போனை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனையோ காலமாக விடாமல் பிடித்து வைத்திருந்த கோபம் அன்றைக்குத்தான் முழுதாகப் போனது. அது இருந்தவரை சனிக்கிழமைகளில் அவர் போவதைப் பார்க்காதவள்மாதிரி நான் பிள்ளைக்காம்பராத் துணியைத் துவைத்துக்கொண்டிருப்பேன். இப்போது அவர் திரும்பி வரும்வரை என்னால் ஒரு வேலையும் செய்ய முடிவதில்லை.